அப்பா பொள்ளாச்சியில், அம்மா கொழிஞ்சாம்பாறையில்: பிரிந்து வாழும் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கேரளாவில், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் தமிழ் டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். இப்போது சட்டப்பணிக் குழுவில் பாரா லீகல் வாலண்டியர். இங்கே எல்லோரும் பி.எல்.வி. என்றுதான் சொல்வார்கள். நான் வக்கீல் இல்லை. வருகிறவர்களை உட்காரவைத்து, சட்டம் என்ன சொல்கிறது, எங்கே போய் மனு கொடுக்கலாம் என்று சொல்லி அனுப்புவது என் வேலை. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குச் சம்பந்தம் பொள்ளாச்சி, ஆனைமலை, கிணத்துக்கடவுப் பக்கம்தான். கல்யாணம் ஆகி வரும்போது வழியில் செக்போஸ்ட் இருப்பதே யாருக்கும் தெரிவதில்லை. பிரிந்த பிறகுதான் அது பெரிதாகத் தெரிகிறது. பல வருடமாக என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். ஆள் அடையாளம் தெரியாமல் இருக்க, உதாரணங்களில் ஊரையும் வயதையும் மாற்றியிருக்கிறேன்.

இன்னும் டைவர்ஸ் ஆகவில்லை, தனித்தனியாக இருக்கிறோம். பிள்ளை விஷயத்தை இப்போதே பேசி முடிவு செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். இந்து திருமணச் சட்டப்படி இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிவதற்கே ஒரு வருடம் தனித்தனியாக இருந்திருக்க வேண்டும். மனு கொடுத்தபின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் அந்த ஆறு மாதத்தைக் கோர்ட் விட்டுக்கொடுக்கலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். யூகேஜியில் இருந்த பிள்ளை, தீர்ப்பு வரும்போது இரண்டாம் வகுப்பு வாசலில் நிற்கும். அதுவரை அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வராமல் இருக்குமா, பள்ளிக்கூடத்தில் ஆண்டுவிழா வராமல் இருக்குமா?

பேச ஆரம்பித்தாலே சண்டை வருகிறது. எங்கே தொடங்குவது?

பேச்சைச் சின்னதாக்கிக்கொள்ளுங்கள். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இரண்டு கணக்கு நோட்டு இருக்கிறது. ஒன்றில் நகை, சீர், மாமியார் சொன்ன சொல், மச்சான் கை ஓங்கியது, யார் யாரை விட்டுப் போனார்கள் என்பதெல்லாம் எழுதியிருக்கிறது. மற்றதில் பிள்ளையின் அடுத்த பதினைந்து நாள். முதல் நோட்டை இப்போதைக்கு மூட முடியாது, அது கிடக்கட்டும். இரண்டாவது நோட்டை மட்டும் திறந்து உட்காருங்கள்.

ஒரு தம்பதி ஆறு மாதமாகச் சனிக்கிழமைச் சண்டை போட்டார்கள். அப்பா பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னைநார் மில்லில் வேலை. மூன்று மணிக்கு வந்து பையனை அழைத்துப் போவதாகச் சொல்வார், ஐந்துக்கு வருவார். "புள்ள மேல அக்கறையே இல்லீங்க டீச்சர், பாருங்க" என்று அம்மா சொல்லுவார். "வேணும்னே காக்க வெச்சு, வந்ததும் கதவச் சாத்துறாங்க" என்று அவர் சொல்லுவார். விசாரித்தால், மில்லில் சனிக்கிழமை இரண்டு மணிக்குக் கூலி எண்ணிக் கொடுக்கத் தொடங்குவார்கள். வரிசையில் நின்று வாங்கி, இரண்டு பஸ் மாறி வந்தால் நாலேமுக்காலுக்கு முன்னால் அவரால் வரவே முடியாது. மனைவியின் அண்ணன் முன்னால் அதைச் சொல்ல மானம் தடுத்திருக்கிறது. நேரத்தை ஐந்தரை என்று மாற்றினோம். இடத்தையும் மாற்றினோம். வீட்டு வாசலில் வேண்டாம், கோபாலபுரத்தில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கும் பேக்கரியில். வாசல் என்றால் அண்ணன் வருவார், திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஆளுக்கு ஒரு வார்த்தை விடுவார்கள். பேக்கரியில் பையனுக்கு ஒரு பப்ஸ் கிடைக்கும், அவ்வளவுதான். அந்தச் சனிக்கிழமைச் சண்டை அதோடு நின்றது. மற்ற சண்டைகள் நிற்கவில்லை, அது வேறு.

போனில் பேசிக்கொள்வதைவிட எழுதி அனுப்புவது நல்லது. வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் போடவே போடாதீர்கள். அதில் குரலின் சூடும் சேர்ந்து போகும்; இரவோடு இரவாகச் சித்தப்பா, பெரியப்பா, வக்கீல் எல்லோரும் கேட்டுவிடுவார்கள். "சனிக்கிழமை 5.30, பேக்கரி. இருமல் இருக்கிறது, மருந்து பையில் வைத்திருக்கிறேன், ராத்திரி ஒரு மூடி." இவ்வளவு போதும். "நீங்கதான் கவனிக்க மாட்டீங்களே, அதனால மருந்து வெச்சிருக்கேன்" என்று எழுதினால் முதல் நோட்டு திறந்துவிட்டது என்று அர்த்தம்.

பிள்ளையிடம் என்ன சொல்வது?

முடிந்தால் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே மாதிரி சொல்லுங்கள். முடியாவிட்டால், என்ன சொல்லப்போகிறீர்கள் என்பதையாவது முன்கூட்டி ஒத்துக்கொள்ளுங்கள். சொல்லவேண்டியது மூன்றுதான். அப்பாவும் அம்மாவும் இனி வேறு வேறு வீட்டில் இருப்போம். இது உன்னால் வந்ததில்லை. நீ இரண்டு வீட்டுக்கும் வந்து போகலாம்.

இரண்டாவது விஷயத்தைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். "அதெல்லாம் சின்னப் புள்ள, அப்படி நினைக்குமா?" என்பார்கள். நினைக்கும். ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடுவதில்தான் அன்று சண்டை தொடங்கியது என்றால், தன் மார்க்கால்தான் அப்பா போய்விட்டார் என்று அந்தப் பிள்ளை நம்பும். வகுப்பில் "என் குடும்பம்" என்று பத்து வரி எழுதச் சொன்னால், சில பிள்ளைகள் மட்டும் பென்சிலைச் சீவிக்கொண்டே இருப்பார்கள். எனக்கு வீட்டுச் செய்தி பெரும்பாலும் அப்படித்தான் தெரியவரும்.

"அப்பா வேலைக்கு வெளியூர் போயிருக்கார்" என்று சொல்லி வைக்காதீர்கள். நம் ஊர்களில் எது மறைந்திருக்கிறது? மறுநாள் பள்ளிக்கூட வேனில் பக்கத்துச் சீட்டுப் பிள்ளை உண்மையைச் சொல்லிவிடும். அதன்பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அது நம்பாது.

பிள்ளை மூலமாகவே சொல்லி அனுப்பினால் என்ன?

வேண்டாம். "அப்பன்கிட்ட ஃபீஸ் வாங்கிட்டு வா கண்ணு" என்று சொல்லி அனுப்பினால், கேட்டுத் திட்டு வாங்குவது அந்தப் பிள்ளை. கேட்காமல் வந்து இங்கே திட்டு வாங்குவதும் அதேதான். அதைப்போல, திரும்பி வந்ததும் "அங்க யாரு வந்தா, என்ன சமைச்சாங்க, அப்பத்தா என்னப் பத்தி என்ன சொன்னாங்க" என்று துருவுவதையும் விட்டுவிடுங்கள்.

சட்டப்படி பிள்ளை யாருக்குச் சேரும்?

"சேரும்" என்ற சொல்லே நிலம், தோப்பு மாதிரி ஒலிக்கிறது. ஆனாலும் இப்படித்தான் கேட்கிறார்கள்.

இந்துக்களுக்கு 1956ஆம் வருடத்துச் சட்டம்: ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும். ஐந்துக்கு மேல் தந்தைக்கு என்று பலர் நினைக்கிறார்கள், அப்படிச் சட்டத்தில் இல்லை. எந்த வயதானாலும் பிள்ளையின் நலன்தான் முதலில் பார்க்கப்படும். 1890ஆம் வருடத்துக் காப்பாளர் சட்டமும் அதையே சொல்கிறது. யோசித்துச் சொல்லும் வயது வந்த பிள்ளையின் விருப்பத்தையும் ஜட்ஜ் கேட்கலாம் என்கிறது. தந்தை உயிரோடு இருக்கும்போதே தாயும் இயற்கைக் காப்பாளராக இருக்க முடியும் என்று 1999இல் உச்ச நீதிமன்றம் கீதா ஹரிஹரன் வழக்கில் சொன்னது. பள்ளியிலோ வங்கியிலோ "அப்பா கையெழுத்து இல்லாமல் முடியாது" என்று சொன்னால் இதை நினைவுபடுத்தலாம்.

பிள்ளை இருவரோடும் பகிர்ந்து வாழும் ஏற்பாட்டைச் சட்டத்திலேயே சேர்க்க வேண்டும் என்று சட்ட ஆணையம் 2015இல் தன் 257ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. பெற்றோரே ஒத்துக்கொண்டு அப்படி எழுதிக் கொடுத்தால் கோர்ட் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும்.

நான் கேரளாவில் இருக்கிறேன், அவர் தமிழ்நாட்டில். வழக்கு எங்கே நடக்கும்?

இதுதான் நம் பக்கத்துக்கே உரிய தலைவலி. பிள்ளையை யார் வைத்துக்கொள்வது என்ற மனுவைப் பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த ஊர்க் கோர்ட்டில் கொடுக்க வேண்டும். டைவர்ஸ் மனுவைக் கல்யாணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து இருந்த ஊர், எதிர்மனுதாரர் இருக்கும் ஊர் எதிலும் கொடுக்கலாம்; மனைவி கொடுத்தால் அவர் இப்போது இருக்கும் ஊரிலும் கொடுக்கலாம். ஜீவனாம்சத்தை மனைவி தான் இருக்கும் ஊரிலேயே கேட்கலாம். ஆக, கல்யாணம் ஆனைமலையில், குடித்தனம் மீனாட்சிபுரத்தில், இப்போது அம்மா பிறந்த வீடு வேலந்தாவளத்தில் என்றால் என்ன ஆகும்? அவர் கோயம்புத்தூர் பக்கம் ஒரு கேஸ் போடுவார், இவர் பாலக்காடு குடும்ப நீதிமன்றத்தில் ஒன்று போடுவார். அங்கே பேப்பர் தமிழில், இங்கே மலையாளத்தில். பேச்சில் மலையாளம் புரிந்தாலும் கோர்ட் நோட்டீஸை நம்மில் பலருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வருகிறது.

அப்புறம் இரண்டையும் ஒரே இடத்தில் நடத்தலாம் என்று யாராவது நினைத்தால், அங்கேதான் இடி விழுகிறது. ஒரு மாநிலத்துக் கோர்ட்டிலிருந்து இன்னொரு மாநிலத்துக் கோர்ட்டுக்கு இப்படிப்பட்ட வழக்கை மாற்ற, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். எர்ணாகுளத்து ஹைகோர்ட்டாலும் முடியாது, சென்னை ஹைகோர்ட்டாலும் முடியாது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்குப் பஸ்ஸில் போய்விடும் தூரம், மனு மட்டும் டில்லிக்குப் போக வேண்டும். அதற்காகத் தோப்பில் ஒரு பங்கை அடமானம் வைத்தவரை எனக்குத் தெரியும்.

சித்தூர் பகவதி கோவிலில் வருடா வருடம் கொங்கன்படைத் திருவிழா நடக்கும். கொங்கு நாட்டிலிருந்து படையெடுத்து வந்த ராஜாவைத் தோற்கடித்ததாகச் சொல்லும் பழைய கதை. அதைப் பார்க்கும்போதெல்லாம் என்னிடம் வரும் சில குடும்பங்கள் ஞாபகத்துக்கு வந்து சிரிப்பு வரும். கொஞ்சம் வருத்தமும்தான்.

கேஸ் போடுவதற்கு முன்னால் பேசிப் பாருங்கள் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இந்த எல்லைதான் பெரிய காரணம். கேஸ் போட்டுவிட்டிருந்தாலும் கெட்டுப்போகவில்லை. சமரசம் ஆனால், ஒரு கோர்ட்டில் அதைப் பதிவு செய்து, மற்றதில் மனுவை வாபஸ் வாங்கிக்கொள்ளலாம்.

மீடியேஷன் என்கிறார்களே, அதில் என்ன நடக்கும்? செலவு எவ்வளவு?

பயிற்சி பெற்ற நடுவர் ஒருவர் உங்கள் இரண்டு பேரையும் சேர்த்தும் தனித்தனியாகவும் உட்காரவைத்துப் பேசுவார். அவர் தீர்ப்பு சொல்ல மாட்டார். அந்த அறையில் பேசியதை வெளியே சாட்சியாகக் காட்ட முடியாது. ஒத்துவந்ததா இல்லையா என்பதை மட்டும்தான் அவர் கோர்ட்டுக்குத் தெரிவிப்பார். எனவே "தப்பு என் மேலயும் இருக்குங்க" என்று ஒருவர் அங்கே சொன்னால், மறுநாள் அதை வைத்து அவரை மடக்க முடியாது. இந்த ஒரு விஷயம் புரிந்ததும் பலருக்குத் தோள் இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

1984ஆம் வருடத்துக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின்படி, முதலில் சமரசத்துக்கு முயல்வது கோர்ட்டின் கடமை. குடும்பத் தகராறுகள் வழக்காக மாறும் முன்பே மீடியேஷனுக்கு வர வழி செய்ய வேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. தாலுகா சட்டப்பணிக் குழுவில் ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுத்தால் போதும், கட்டணம் கிடையாது. வக்கீல் தேவைப்பட்டால், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாகத் தருவார்கள். இது 1987ஆம் வருடத்துச் சட்டம். போனில் கேட்க 15100. இந்த எண் இரண்டு மாநிலத்துக்கும் பொது.

ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசினால் போதாதா?

சில இடத்தில் போதும். பெரியவர்கள் சொன்னால் கேட்கும் குடும்பம் என்றால் அந்த நல்வாய்ப்பை விடாதீர்கள். ஆனால் நான் உட்கார்ந்து பார்த்த பஞ்சாயத்துகளில் மூன்று மணி நேரம் நகையும் கல்யாணச் செலவும் பேசுவார்கள். எல்லோரும் களைத்து, டீ வந்தபிறகு, "அப்ப புள்ள ஆத்தாகிட்டயே இருக்கட்டும், அப்பன் வந்து பாத்துக்கட்டும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், யார் கொண்டுவிடுவது எதுவும் இருக்காது. அடுத்த சண்டை சரியாக அங்கேதான் முளைக்கும். பெரியவர்களை வைத்துப் பேசினால், பிள்ளை விஷயத்தை டீ வருவதற்கு முன்னால் பேசச் சொல்லுங்கள்.

லீவு நாட்களை எப்படிப் பிரிப்பது?

இதைக் கேட்டால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். நம் எல்லையில் வருகிற ஒரே லாபம் இது.

இரண்டு மாநிலத்துப் பள்ளி நாட்காட்டியையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கேரளாவில் ஏப்ரல், மே முழு லீவு, ஜூன் தொடக்கத்தில் பள்ளி. தமிழ்நாட்டில் ஏப்ரலில் பரீட்சை நடந்துகொண்டிருக்கும். கேரளாவில் ஓணப் பரீட்சை முடிந்து சுமார் பத்து நாள் லீவு. அங்கே அப்போது லீவு இல்லை, காலாண்டு லீவு பின்னால்தான் வரும். பொங்கலுக்குத் தமிழ்நாட்டில் தொடர்ந்து பல நாள் லீவு. கேரளாவில் பாலக்காடு உட்பட எல்லை மாவட்டங்களுக்கு மட்டும் ஒருநாள் உள்ளூர் லீவு.

பிள்ளை இங்கே படித்தால் ஏப்ரலில் பாதி, ஓணத்தில் பாதி, பொங்கல் நாள் என்று அப்பா பக்கத்துக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். ஓணத்தை அம்மா வீட்டில் கொண்டாடுவார்களே என்பார்கள். நம் தமிழ் வீடுகளில் ஓணத்துக்குப் பூக்களம் போடுவதும் உண்டு, போடாததும் உண்டு. பொங்கலுக்குப் பானை வைக்காத வீடு இல்லை. எது யாருக்கு முக்கியம் என்று கேட்டுப் பார்த்தால் பாதி விட்டுக்கொடுத்தல் தானாக நடந்துவிடும். ஒரு அம்மா தீபாவளியை அப்பாவுக்கே விட்டுக்கொடுத்தார், காரணம் அவருக்குப் பட்டாசுச் சத்தமே ஆகாது. பதிலுக்குப் பிள்ளையின் பிறந்தநாளை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். மகள் பிறந்தது ஜூன் முதல் வாரத்தில், பள்ளி திறக்கும் நேரம். எப்படியும் அவள் அம்மாவிடம்தான் இருந்திருப்பாள். அதை அந்த அப்பா இன்னும் கவனிக்கவில்லை.

வருட ஆரம்பத்திலேயே தேதி போட்டு எழுதிவிடுங்கள். "பாதி லீவு" என்று எழுதினால் எந்தப் பாதி என்று மே மாதம் கேள்வி வரும்.

பிள்ளையை அக்கரைப் பள்ளிக்கு மாற்ற நினைக்கிறேன். மாற்றலாமா?

மற்றவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள். கோர்ட்டில் அது உங்களுக்கே எதிராகத் திரும்பும். அதைவிடப் பெரிய சிக்கல் மொழி. தமிழ்நாட்டில் 2006ஆம் வருடத்துச் சட்டப்படி பத்தாம் வகுப்புவரை தமிழ் படித்தாக வேண்டும். கேரளாவில் 2017ஆம் வருடத்துச் சட்டம் மலையாளத்தைக் கட்டாயமாக்கியது. சித்தூர் தாலுகாவில் தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன, கேரளப் பாடப்புத்தகங்களும் தமிழில் வருகின்றன. அங்கே படிக்கும் பிள்ளையை இடம் மாற்றினால் அவ்வளவு அடி படாது. மலையாள மீடியத்தில் ஏழாம் வகுப்புவரை படித்த பிள்ளையைத் திடீரென்று பொள்ளாச்சியில் எட்டாம் வகுப்பில் உட்காரவைத்தால், வீட்டில் நன்றாகத் தமிழ் பேசும் அதே பிள்ளை தமிழ்ப் பரீட்சையில் முட்டை வாங்கி வரும். பழைய டீச்சராக இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன்: நடுவகுப்பில் மாற்றம் வேண்டவே வேண்டாம். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஒன்று, ஐந்து, எட்டு என்று படி மாறும் இடத்தில், ஒரு வருடம் முன்பே மொழிக்கு டியூஷன் வைத்து மாற்றுங்கள்.

டி.சி. தர இழுத்தடித்தால், 2009ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டத்தில் தலைமையாசிரியர் உடனே தர வேண்டும் என்று இருக்கிறது. டி.சி. தாமதமாவதைச் சொல்லி புதிய பள்ளி சேர்க்க மறுக்கவும் கூடாது. இது எட்டாம் வகுப்புவரைக்கும்.

பணம் தரவில்லை. அப்படியிருக்க பிள்ளையை எதற்குக் காட்ட வேண்டும்?

கோபம் நியாயமானது. ஆனாலும் இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள். பணத்துக்குப் பிள்ளையை நிறுத்தினால், "பிள்ளையைக் காட்டாததால் பணம் தரவில்லை" என்று அவர் திருப்பிப் போடுவார். அந்த வட்டத்தை நான் பலமுறை பார்த்துவிட்டேன். பணத்துக்குத் தனி வழி இருக்கிறது. ஜீவனாம்சம் கேட்க, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் முன்பு 125 என்று சொன்ன பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய நாகரிக் சுரக்ஷா சட்டத்தில் 144 ஆகியிருக்கிறது. 2020இல் ரஜ்னேஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி இரண்டு பேரும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும். மனு கொடுத்த நாளிலிருந்து கணக்கிட்டு ஜீவனாம்சம் தர வேண்டும்.

அப்பாக்களுக்கும் ஒன்று. கையில் கொடுக்காதீர்கள், பேங்கிலோ ஜிபேயிலோ போடுங்கள். "மாசா மாசம் குடுத்துட்டுத்தான் இருந்தேன்" என்பதற்கு அதுதான் சாட்சி. கூலி வேலைக்காரர் என்றால் மாதத் தொகையைக் குறைத்து, ஸ்கூல் ஃபீஸை நேராகப் பள்ளிக்குக் கட்டுகிறேன் என்று பேசிப் பாருங்கள். பல அம்மாக்கள் இதை ஒத்துக்கொள்கிறார்கள்.

வீடியோ காலில் பேசினால் போதுமா?

நேரில் பார்ப்பதற்கு அது ஈடாகாது. ஆனால் துபாயிலோ திருப்பூரிலோ வேலை செய்பவருக்கு அதுவும் இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. 2020இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம், பிள்ளைக்கு இரண்டு பெற்றோரின் அன்பும் உரிமை என்று சொல்லி, தூரத்தில் இருப்பவர் வீடியோ காலில் தொடர்பில் இருக்கலாம் என்றது.

அதே 2020 மார்ச்சில் கேரளாவில் பள்ளிகளை மூடியதும் ஒரு அம்மா தன் மகளை நாலுநாள் இருந்துவிட்டு வரட்டும் என்று ஆனைமலைப் பக்கம் அப்பா வீட்டுக்கு அனுப்பினார். ஊரடங்கு வந்தது, ரோடு மூடியது, பாஸ் கிடைத்து அவள் திரும்பி வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. முதல் வாரம் அம்மா என்னிடம் போனில் அழுதுகொண்டே இருந்தார். அப்புறம் தினமும் காலையில் அப்பா போனை ஆட்டுக்கல் மேல் சாய்த்து வைப்பாராம். அம்மா இங்கிருந்து சொல்லச் சொல்ல, அவர் மகளுக்கு ஜடை பின்னுவாராம். அந்த இரண்டு பேரும் சேரவில்லை, பின்னால் முறைப்படி பிரிந்துவிட்டார்கள். ஆனால் ஜீவனாம்சம், லீவு எல்லாவற்றையும் ஒரே உட்காரலில் பேசி முடித்தார்கள்.

கால் பேசும்போது பக்கத்தில் நின்று "சாப்ட்டேன்னு சொல்லு, அத சொல்லாத" என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். நேரம் குறித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பிள்ளையே "அங்கே போகமாட்டேன்" என்கிறது. கட்டாயப்படுத்தலாமா?

முதலில் காரணத்தைத் தேடுங்கள். அங்கே நாய்க்குப் பயம், கக்கூஸ் வெளியே இருக்கிறது, விளையாட ஆள் இல்லை, சனிக்கிழமை இங்கே கிரிக்கெட் மேட்ச். இப்படி ஏதாவது இருந்தால் பேசிச் சரிசெய்யலாம். இரண்டாவது காரணம், நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று பிள்ளை நினைப்பது. கிளம்பும்போது அம்மாவின் கண் கலங்குவதைப் பார்த்த பிள்ளை அடுத்த வாரம் தானாகவே வயிற்றுவலி என்று சொல்லும். மூன்றாவது, வேண்டுமென்றே ஒருவர் மற்றவரைப் பற்றி விஷம் ஏற்றுவது. இதைக் கோர்ட்டுகள் இப்போது கூர்ந்து பார்க்கின்றன. நாலாவது ஒன்று இருக்கிறது. அங்கே பிள்ளைக்கு அடியோ தப்பான தொடுதலோ நடந்திருக்கலாம். அந்தச் சந்தேகம் இருந்தால் சமாதானம் பேசிக்கொண்டு இருக்காதீர்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்குப் போன் செய்யுங்கள்.

தாத்தா பாட்டியை என்ன செய்வது?

அப்பத்தாவுக்கும் அம்மாயிக்கும் பேரப்பிள்ளையைப் பார்க்கும் ஆசை இருக்கிறது, அதை வெட்டாதீர்கள். ஆனால் பிள்ளையைக் கைமாற்றும் இடத்துக்கு அவர்களைக் கூட்டிவராதீர்கள். மருமகளைப் பார்த்ததும் ஒரு பெருமூச்சு விட்டால்கூடப் போதும், ஒரு மாத வேலை வீணாகிவிடும்.

எங்கள் வீட்டில் அடி உதை இருந்தது. அப்போதும் உட்கார்ந்து பேச வேண்டுமா?

வேண்டாம். மேலே சொன்னது எதுவும் உங்களுக்காக எழுதியதில்லை. பயந்துகொண்டு இருப்பவரை எதிரே உட்காரவைத்துப் பேசினால், பயப்படுகிறவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். பெண்களுக்கான உதவி எண் 181. 2005ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி மாஜிஸ்திரேட்டே பிள்ளையைத் தற்காலிகமாக உங்களிடம் ஒப்படைக்க உத்தரவிடலாம். சந்திப்பு பிள்ளைக்குக் கெடுதல் என்று தெரிந்தால் அதை மறுக்கவும் செய்யலாம். எங்களிடம் வந்தால், பேச்சுவார்த்தைக்கு விருப்பம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். யாராவது "குடும்பம்னா அப்படித்தான், பேசிப் பாரும்மா" என்று வற்புறுத்தினால் எழுந்து வந்துவிடலாம்.

மறுகல்யாணம் செய்துகொண்டால் பிள்ளையின் மீதான உரிமை போய்விடுமா?

தானாகப் போகாது. புதிய வீட்டில் பிள்ளை எப்படி இருக்கும் என்பதைக் கோர்ட் பார்க்கும். செய்தியைப் பிள்ளைக்கும் மற்றவருக்கும் நீங்களே சொல்லுங்கள், கல்யாணப் பத்திரிகை சொல்லும்வரை விட்டுவைக்காதீர்கள்.

பேசி முடித்தாயிற்று. ஐம்பது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் செல்லுமா?

இரண்டு பேரும் மதிக்கும்வரை செல்லும். ஒருவர் மீறினால் கையில் பலமாக ஒன்றும் இருக்காது. கேஸ் இருந்தால் அந்தக் கோர்ட்டில் சமரசமாகப் பதிவு செய்யுங்கள். கேஸ் இல்லாவிட்டால் சட்டப்பணிக் குழு மூலம் லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்தில் வைத்து உத்தரவாக வாங்கலாம். அது கோர்ட் டிக்ரி மாதிரி, அதன்மேல் அப்பீல் இல்லை. ஆனாலும் பிள்ளை சம்பந்தப்பட்ட ஏற்பாடு எதுவும் கல்லில் எழுதியதில்லை. பிள்ளை வளர, நிலைமை மாற, கோர்ட்டில் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

எழுதும்போது பெரிய வார்த்தை வேண்டாம். நாள், மணி, இடம், யார் கொண்டுவிடுவது, வர முடியாவிட்டால் எத்தனை மணிக்குள் சொல்வது, ஃபீஸ் யார், மருத்துவச் செலவு எப்படி, ரேஷன் கார்டில் பிள்ளையின் பெயர் எந்தப் பக்கம், பாஸ்போர்ட்டுக்கு இருவரும் கையெழுத்துப் போடுவார்களா, பரீட்சை நேரத்தில் என்ன. சின்னதாகத் தோன்றுவதையும் விடாதீர்கள். ஒரு ஒப்பந்தத்தில் பையனின் சைக்கிள் எந்த வீட்டில் நிற்கும் என்று ஒரு வரி எழுதினோம். வக்கீல் சிரித்தார். பையனைக் கூப்பிட்டுக் கேட்டபோது, "ஸ்கூல் இருக்கற நாள் இங்க, லீவுக்கு அங்க. பஸ்ஸு மேல ஏத்திக்கலாம், நான் கண்டக்டர்கிட்டக் கேட்டுட்டேன்" என்றான்.